பதிமூணாவது தீப்பெட்டி

பொங்கலுக்கு அக்கா குடும்பத்தோட வந்திருந்தா. சென்னையில வேலை பார்க்கிற அவ மகன், மருமக, ஆறு வயசுப் பேத்தி. முதல் ரெண்டு நாள் கரும்பு, மாடு, கோழின்னு பிள்ளைக்குப் பொழுது போச்சு. மூணாம் நாள் கரண்டும் இல்லை, செல்போன்ல சார்ஜும் இல்லை. திண்ணையில கவுந்து படுத்துக்கிட்டு, "போர் அடிக்குது தாத்தா"ன்னு ராகம் போட ஆரம்பிச்சுட்டா.

அடுப்படி மாடத்துல நாலு காலித் தீப்பெட்டி கிடந்தது. எடுத்துட்டு வந்தேன். உள்தட்டை மட்டும் உருவி, ரெண்டு முனையிலயும் ஊசியால ஓட்டை போட்டு, சாக்குத் தைக்கிற நூலைக் கோத்து, திண்ணையில இழுத்துக் காட்டினேன். ஒரு பெட்டியில நாலு உளுந்து, ஒண்ணுல கொஞ்சம் மண், ஒண்ணுல ஒரு எறும்பு. "கூட்ஸ் வண்டி"ன்னேன். பிள்ளை எந்திரிச்சு உக்காந்துட்டா.

பார்த்துக்கிட்டிருந்த மருமகனுக்கு ஒரே சந்தோஷம். "பாத்தியா, மாமா காலத்துல பைசாச் செலவில்லாம எப்படி விளையாடியிருக்காங்க! நாம ஆயிரக்கணக்குல பொம்மையா வாங்கிக் கொட்டுறோம்"ன்னு அவன் வீட்டுக்காரிகிட்ட சொன்னான்.

முறத்துல உளுந்து புடைச்சுக்கிட்டிருந்த அக்கா தலை நிமிராமலே சொன்னா: "செலவில்லாமலா? அது என் கணக்குல போச்சு."

மருமகனுக்குப் புரியலை. அம்மா ஏதோ வேடிக்கைக்குச் சொல்றான்னு சிரிச்சான். எனக்குப் புரிஞ்சது. அம்பது வருஷத்துக் கணக்கு அது. அதைச் சொல்றதுக்குத்தான் இந்தப் பதிவு. ஆனா அதை மட்டும் தனியாச் சொன்னா முழுசா விளங்காது. தீப்பெட்டி எப்படி எங்க ஊருக்கு வந்ததுங்கிறதையும் சேத்துத்தான் சொல்லணும்.

முதல்ல விளையாட்டு. எங்களுக்கு விளையாட்டுச் சாமான் கடை ரெண்டே ரெண்டு. ஒண்ணு மரம், இன்னொண்ணு வீடு. மரம் கொடுத்தது நுங்கு வண்டி, பூவரச இலைப் பீப்பீ, பனையோலைக் காத்தாடி. வீட்டுல இருந்து கிடைச்சது எல்லாம் பெரியவங்க தூக்கிப் போட்டது. உடைஞ்ச பானை ஓடு சில்லாக்கு ஆச்சு. புளியங்கொட்டை பல்லாங்குழிக்கு ஆச்சு. பியூஸ் போன பல்பு சினிமாக் கொட்டகை ஆச்சு. பல்போட பித்தளைக் கழுத்தைப் பக்குவமா உடைச்சு, உள்ளே இருக்கிற கம்பியைத் தட்டி எடுத்துட்டுத் தண்ணி ரொப்பினா அது லென்ஸ். ஒருத்தன் வெயில்ல நின்னு முகம் பார்க்கிற கண்ணாடியால வெளிச்சத்தை இருட்டு வீட்டுக்குள்ள திருப்பி விடணும். வெளிச்சத்துக்கும் பல்புக்கும் நடுவுல பிலிம் துண்டைத் தலைகீழாப் பிடிச்சா, சுவத்துல கட்டின வேட்டியில உருவம் நேரா நிக்கும். லென்ஸ் பிம்பத்தைக் கவுத்துப் போடும்னு எங்களுக்கு எந்த வாத்தியாரும் சொல்லித் தரலை. முதல் தடவை எம்.ஜி.ஆர். தலைகீழா நின்னப்போ நாங்களே கண்டுபிடிச்சோம்.

இதுல தீப்பெட்டிக்குத்தான் ராஜ மரியாதை. மேல் உறையில ஒட்டியிருக்கிற படத்தை உரிச்சா அது சீட்டு. படத்துக்குப் படம் மதிப்பு உண்டு. ஊர்ல அபூர்வமாக் கிடைக்கிற மார்க்குக்கு அதிக விலை. வட்டத்துக்குள்ள அடுக்கி வச்சுக் கல்லால அடிச்சு வெளியே தள்ளினா நமக்குச் சொந்தம். ரெண்டு உள்தட்டுல ஓட்டை போட்டு நூலைக் கட்டினா டெலிபோன். நூல் உள்பக்கம் உருவிட்டு வராம இருக்க எரிஞ்ச குச்சித் துண்டுல முடிச்சுப் போடணும். நூல் விறைப்பா இருந்தாத்தான் பேச்சு கேக்கும், தொய்ஞ்சாலோ சுவத்துல உரசினாலோ கேக்காது. பேச்சோட அதிர்வுதான் நூல் வழியாப் போகுதுன்னு பின்னாடி படிச்சோம். பொன்வண்டு வளர்க்க வீடும் தீப்பெட்டிதான். இது எல்லாத்துக்கும் மேல ரயில். கோவில்பட்டி ஸ்டேஷன்ல கரி எஞ்சினைப் பார்த்துட்டு வந்த பிறகு, ஒரு பையன் கையில எத்தனை பெட்டி ரயில் இருக்குங்கிறதுதான் ஊர்ல அவனோட அந்தஸ்து.

இதெல்லாம் இன்னிக்கு நேத்து வந்தது இல்லை. சிவகங்கை மாவட்டம் கீழடியில தோண்டினப்போ, உடைஞ்ச பானை ஓட்டை வட்டமாத் தேய்ச்ச சில்லுகள் நிறையக் கிடைச்சுது. அருங்காட்சியகத்துல அதைப் பார்த்தப்போ நான் கொஞ்ச நேரம் அங்கேயே நின்னுட்டேன். எங்க தெருவுல பொம்பளைப் பிள்ளைக பாண்டி ஆடின சில்லுக்கும் அதுக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. குறுந்தொகையில தும்பிசேர் கீரனார் பாட்டு ஒண்ணு, 61ஆவது பாட்டு. தச்சன் செஞ்சு கொடுத்த சின்னக் குதிரை வண்டியில பிள்ளைகளால ஏறிப் போக முடியாது, ஆனாலும் கையால இழுத்தே சந்தோஷப்படும்னு அதுல வருது. தலைவனோட நட்பே போதும்னு சொல்றதுக்குத் தோழி காட்டுற உவமை அது. பிள்ளைக்கு வண்டி ஏறிப் போறதுக்கு வேணாம், இழுக்கிறதுக்கு இருந்தாப் போதும். அதை அன்னிக்கே ஒருத்தர் கவனிச்சிருக்கார்.

அதே மாதிரி ஒரு வண்டி சூத்ரகர் எழுதின சமஸ்கிருத நாடகத்துலயும் வருது. பண்டிதமணி கதிரேசச் செட்டியார் 'மண்ணியல் சிறுதேர்'னு தமிழ்ல கொண்டுவந்தார். நொடிச்சுப்போன சாருதத்தனோட மகன் பக்கத்து வீட்டுப் பிள்ளையோட தங்க வண்டியை வச்சு விளையாடுறான். அந்த வீட்டுக்காரங்க வண்டியை வாங்கிட்டுப் போயிடுறாங்க. வேலைக்காரி மண்ணுல ஒரு வண்டி செஞ்சு கொடுக்கிறா. பையன் அது வேண்டாம்னு அழறான். வசந்தசேனை தன்னோட நகையைக் கழட்டி மண் வண்டியில போட்டு, இதை வச்சுத் தங்க வண்டி செஞ்சுக்கோன்னு சொல்றா. அந்த நகைதான் பின்னாடி வழக்குல சாருதத்தனுக்கு எதிரா வந்து நிக்குது. பிள்ளையோட விளையாட்டுச் சாமானுக்குப் பின்னாடி பெரியவங்களோட வரவு செலவு எப்பவும் இருக்குங்கிறதை அந்த நாடகம் அப்பவே சொல்லிருச்சு.

ஒண்ணு கவனிச்சீங்களா? பாட்டுல நிக்கிறது தச்சன் செஞ்ச வண்டி. மண்ணுக்கடியில நிக்கிறது சுட்ட மண். ஓலை, நார், குச்சி, தாள்னு ஏழைப் பிள்ளைக எடுத்து விளையாடின சாமான் எதுவும் நிக்காது. எங்க தீப்பெட்டி ரயிலும் அப்படித்தான், மறுநாள் அடுப்புக்குப் போயிரும். அதனாலதான் அதை யாராவது எழுதி வைக்க வேண்டியிருக்கு.

இனி தீப்பெட்டி.

உரசினாப் பத்துற குச்சியை இங்கிலாந்துல ஜான் வாக்கர்ங்கிற மருந்துக்கடைக்காரர் 1826இல் கண்டுபிடிச்சு, மறுவருஷம் விக்க ஆரம்பிச்சார். அதுக்கப்புறம் வந்த குச்சிகள்ல வெள்ளைப் பாஸ்பரஸ் சேத்தாங்க. அது விஷம். அதுல வேலை பார்த்தவங்களுக்குத் தாடை எலும்பே அழுகிப்போச்சு. 1844இல் சுவீடன்ல குஸ்தாவ் எரிக் பாஷ், மருந்தைப் பிரிச்சு, சிவப்புப் பாஸ்பரஸைப் பெட்டியோட பக்கத்துல தடவலாம்னு காட்டினார். நாம இன்னிக்கும் பயன்படுத்துறது அந்தப் பெட்டிதான். குச்சி முனையில பொட்டாசியம் குளோரேட், பெட்டிப் பக்கத்துல சிவப்புப் பாஸ்பரஸ். ரெண்டும் சேந்தாத்தான் தீ.

ஆனா பெட்டியை ஒட்டுறது யாரு? லண்டன்ல அதை ஏழை வீட்டுப் பெண்களும் பிள்ளைகளும் வீட்டுல உக்காந்து ஒட்டினாங்க. ஒரு குரோஸ், அதாவது 144 பெட்டி ஒட்டினா ரெண்டே கால் பென்னி. பசையும் நூலும் ஒட்டுறவங்க செலவு. 1888இல் லண்டன் தீப்பெட்டித் தொழிற்சாலைப் பெண்கள் சுமார் 1400 பேர் வேலையை நிறுத்தி வெளியே வந்தது சரித்திரம். இதைப் படிச்சப்போ என் கண்ணு அந்த 144லயே நின்னுது. எங்க வீட்டுலயும் அதே குரோஸ் கணக்குத்தான்.

நம்ம நாட்டுக்குத் தீப்பெட்டி ரொம்ப நாளாக் கப்பல்ல வந்தது, சுவீடன்ல இருந்தும் ஜப்பான்ல இருந்தும். 1922இல் வெளிநாட்டுத் தீப்பெட்டிக்கு இறக்குமதி வரி கூடினதும் இங்கேயே செஞ்சா லாபம்னு ஆச்சு. சுவீடன்காரங்களே பம்பாய் பக்கம் அம்பர்நாத்துல விம்கோ தொழிற்சாலையைத் தொடங்கினாங்க. அதே சமயத்துல சிவகாசியில இருந்து அய்ய நாடார், சண்முக நாடார் ரெண்டு பேரும் கல்கத்தாவுக்குப் போய் வேலையைக் கத்துக்கிட்டு வந்து, 1923இல் ஊர்லயே தொழில் ஆரம்பிச்சாங்க. விம்கோ மிஷின்ல செஞ்சது. நம்ம பக்கம் கையால செஞ்சது. அங்கிருந்து சாத்தூர், கோவில்பட்டி, அக்கம்பக்கத்துக் கிராமம்னு பரவுச்சு.

ஏன் இங்க பரவுச்சு? விவசாயியாச் சொல்றேன், எங்க மண்ணுதான் காரணம். கரிசல்ல எல்லாம் மானாவாரி. புரட்டாசியில விதைப்பு, ஐப்பசி கார்த்திகை மழையை நம்பிப் பயிர், தை மாசியில அறுவடை. கம்பு, சோளம், உளுந்து, பாசி, பருத்தி, மல்லி. மாசி முடிஞ்சா காட்டுல வேலையே கிடையாது. மழை ஏமாத்தின வருஷம் தையிலயே வேலை கிடையாது. தீப்பெட்டிக்கு வேணுங்கிறதும் அதேதான். நனைஞ்ச குச்சியும் ஒட்டின பெட்டியும் காய நல்ல வெயில் வேணும். வேற பிழைப்பு இல்லாத கை வேணும். ரெண்டும் எங்ககிட்ட கொட்டிக் கிடந்தது. எங்க பக்கத்துல பேக்டரின்னு யாரும் சொல்ல மாட்டாங்க, 'தீப்பெட்டி ஆபீஸ்'தான். வெள்ளாமை பொய்ச்சாலும் தீப்பெட்டி ஆபீஸ் பொய்க்காதுங்கிற நம்பிக்கையில எத்தனையோ வீட்டுல அடுப்பு எரிஞ்சது. அதையும் மறைக்காமச் சொல்லணும்.

எங்க வீட்டுக்கு அது வந்தது மழை ரெண்டு வருஷம் தொடர்ந்து ஏமாத்தினப்போ. அக்கா அப்ப மூணாப்பு முடிச்சிருந்தா. நல்லாப் படிப்பா. காமராஜர் காலத்துல இருந்து வந்த மதிய உணவு பள்ளிக்கூடத்துல இருந்தது, அதனால மத்தியானச் சோத்துக்குக் கவலையில்லை. ராத்திரிக்கு என்ன செய்ய? அய்யா, அம்மாகிட்ட என்ன பேசினாரோ தெரியாது. ஒரு ஆனி மாசம் பள்ளிக்கூடம் திறந்தப்போ என்னை ஒண்ணாப்புல சேத்தாங்க. அக்கா போகலை. அவ முன்னாடி ஒரு மரப்பட்டைக் கட்டும் ஒரு தாள் கட்டும் வந்து உக்காந்துச்சு.

அப்பவெல்லாம் அட்டைப் பெட்டி இல்லை, மரப்பெட்டி. மெல்லிசா உரிச்ச பட்டை, மடிக்கிறதுக்குத் தோதா கோடு கீறி வரும். குச்சி கிடக்கிற உள்தட்டுக்கு அடிப்பெட்டின்னு பேரு, அதை மூடுற உறைக்கு மேல்பெட்டி. அடிப்பெட்டிக்குப் பட்டையை நாலாப் பக்கமும் மடிச்சு, அடியில ஒரு துண்டு வச்சு, பசை தடவின நீலத்தாளைச் சுத்தி ஒட்டி, ஓரத்தை உள்ளே மடிச்சு விடணும். மாவைக் காய்ச்சிப் பசை. எலியும் பூச்சியும் தின்னாம இருக்கக் கொஞ்சம் மயில்துத்தம் கலப்பாங்க. அதனால ஒட்டின கையோட வாயில எதுவும் வைக்கக் கூடாது. அக்கா கட்டைவிரல் எப்பவும் பசை காய்ஞ்சு தோல் உரிஞ்சே இருக்கும். ஒரு பெட்டிக்கு ரொம்ப நேரம் ஆகாது, ஆனா ஒரு குரோஸுக்கு 144 பெட்டி. சாயங்காலம் ஏஜெண்ட் சைக்கிள்ல வந்து எண்ணி வாங்கிட்டுப் போவார். கொடுத்த பட்டைக்கும் வாங்குற பெட்டிக்கும் கணக்கு நேராகணும். கூலி பைசாக் கணக்குத்தான்.

நான் பள்ளிக்கூடம் விட்டு வந்தா, திண்ணை முழுக்கப் பெட்டி காய்ஞ்சுக்கிட்டிருக்கும். அக்கா அதைச் சும்மாப் பரப்ப மாட்டா. வரிசை வரிசையா அடுக்குவா. வரிசைக்குப் பன்னிரண்டு, பன்னிரண்டு வரிசை. எண்ணுறதுக்குச் சுளுவா இருக்கும்னு அம்மாகிட்ட சொல்வா. ஆனா யாரும் இல்லாதப்போ அவ வாய் முணுமுணுக்கிறதை நான் கேட்டிருக்கேன். முதல் வரிசை மூணாப்பு. ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு பேரு, அவகூடப் படிச்ச பிள்ளைக பேரு. பேரைக் கூப்பிடுவா. அப்புறம் குரலை மாத்தி, "உள்ளேன் ஐயா"ன்னு அவளே சொல்வா. கை பாட்டுக்கு அடுத்த பெட்டியை ஒட்டிக்கிட்டிருக்கும்.

எனக்கு அப்ப அது பெருசாப் படலை. அத்தனை பெட்டி மொத்தமா இருக்கே, ஒரு கூட்ஸ் வண்டிக்குப் பத்தாதாங்கிறதுதான் என் புத்தி. எனக்கு எட்டு வயசு, 1975. மேலத்தெருப் பையன் ஒருத்தன் ஒன்பது பெட்டி ரயில் வச்சிருந்தான். தெருவுல பொறுக்குற பெட்டி எல்லாம் நசுங்கினது. வீட்டுலயோ புத்தம் புது அடிப்பெட்டி, இன்னும் பசை வாசம் போகலை. ஒரு மத்தியானம் அக்கா தண்ணிக்குப் போயிருந்தப்போ ஒரு வரிசையை அப்படியே வாரி எடுத்தேன். பன்னிரண்டு. எண்ணித்தான் எடுத்தேன். மிச்சத்தைக் கொஞ்சம் கொஞ்சமாத் தள்ளி இடைவெளியை நிரப்பி வச்சேன். ரயிலைக் கட்டிச் சோளத்தட்டைப் படப்புக்குள்ள ஒளிச்சு வச்சேன்.

சாயங்காலம் ஏஜெண்ட் எண்ணினார். குறையுது. மறுபடியும் எண்ணினார். பதிமூணு குறையுதுன்னார்.

பன்னிரண்டு இல்லை, பதிமூணு. எனக்குத் தெரியும் பன்னிரண்டுதான்னு. ஆனா அதை எப்படிச் சொல்றது? வாயைத் திறந்தா மாட்டிக்குவேன். அவர் அந்தக் குரோஸுக்குக் கூலியே கிடையாதுன்னுட்டார். அன்னிக்குக் கூலியில அரிசி வாங்குறதா அம்மா நினைச்சிருந்தாங்க. கோவத்துல அக்கா முதுகுல ரெண்டு போட்டாங்க. "பராக்குப் பாத்துக்கிட்டே ஒட்டுனா இப்படித்தான். வாயில என்ன முணுமுணுப்பு?" அக்கா அழலை. பசைச் சட்டியைத் திரும்ப இழுத்து வச்சுக்கிட்டு, சிம்னி விளக்கு வெளிச்சத்துல ராத்திரி ரொம்ப நேரம் ஒட்டினா. நான் அவ பக்கத்துலயே படுத்துத் தூங்கிட்டேன்.

ரயிலை ஒரு நாள்தான் ஓட்டினேன். மூணாம் நாள் திடீர்னு ஒரு மழை. படப்புக்குள்ள தண்ணி இறங்கி, பசை விட்டு, பட்டை தனி, தாள் தனி ஆகிப்போச்சு.

இந்த மாதிரி அக்காமார் கதை கரிசல் பக்கம் எத்தனையோ வீட்டுல உண்டு. சில வீட்டுல இதைவிட மோசம். விடியுறதுக்கு முன்னாடி தீப்பெட்டி ஆபீஸ் பஸ் வந்து பிள்ளைகளை ஏத்திக்கிட்டுப் போகும், இருட்டினப்புறம் கொண்டுவந்து விடும். கட்டையில குச்சி அடுக்குற பிள்ளைக விரலுக்கு இருக்கிற வேகம் பெரியவங்களுக்கு வராதுன்னு பெருமையாவே சொல்வாங்க. 1986இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்து, தீப்பெட்டி, பட்டாசு வேலையில 14 வயசுக்குக் கீழ உள்ள பிள்ளைகளைச் சேர்க்கக் கூடாதுன்னுச்சு. ஆனா குடும்பத்தோட வீட்டுல செய்ற வேலைக்கு அந்தச் சட்டத்துல விலக்கு இருந்தது. அப்ப எங்க அக்கா சின்னப் பிள்ளையா இருந்திருந்தாலும் அந்தச் சட்டம் எங்க திண்ணை வரைக்கும் வந்திருக்காது. 1990இல் சலம் பென்னூர்கர் 'குட்டி ஜப்பானின் குழந்தைகள்'னு ஆவணப்படம் எடுத்தார். எங்க பக்கத்து எழுத்தாளர் பூமணி 'கருவேலம்பூக்கள்'னு இதைப் பத்தி ஒரு சினிமாவே எடுத்தார். எம்.சி. மேத்தா போட்ட வழக்குல 1996 டிசம்பர்ல உச்ச நீதிமன்றம், பிள்ளையை வேலைக்கு வச்ச முதலாளி ஒரு பிள்ளைக்கு 20,000 ரூபாய் கட்டணும்னு தீர்ப்புச் சொல்லுச்சு. 2016இல் சட்டத்தைத் திருத்தினாங்க. இப்ப 14 வயசுக்குள்ள எந்த வேலையும் கூடாது. ஆனா அபாயம் இல்லாத குடும்பத் தொழில்ல பள்ளிக்கூட நேரம் போக உதவலாம்னு ஒரு வாசலை இன்னும் திறந்தே வச்சிருக்காங்க.

சட்டம் மட்டும் மாத்தலை. 1982இல் எம்.ஜி.ஆர். சத்துணவைப் பெருசாக் கொண்டுவந்தது, ஊருக்குப் பக்கத்துலயே பள்ளிக்கூடம் வந்தது, மரப்பெட்டி போய் அட்டைப் பெட்டி வந்தது, கை போய் மிஷின் வந்தது, எல்லாம் சேந்துதான் மாத்துச்சு. தீப்பெட்டி விலை 2007இல் ஒரு ரூபாய் ஆச்சு. பதினாலு வருஷம் அதே விலை. 2021 டிசம்பர்லதான் ரெண்டு ரூபாய். அத்தனை வருஷம் விலை ஏறாத சாமான் உங்க வீட்டுல வேற என்ன இருக்கு, யோசிச்சுப் பாருங்க. அவ்வளவு மலிவா ஒரு பொருள் கிடைக்குதுன்னா, அந்த விலையில சேராத செலவு எங்கேயோ ஒரு கணக்குல எழுதியிருக்கும். எங்க வீட்டுல அது அக்கா கணக்கு.

தீப்பெட்டி ரயிலைப் பத்தி நான் பெருமை பேசாம இருக்க மாட்டேன். அது நல்ல விளையாட்டு. ஒண்ணுமில்லாததுல இருந்து ஒரு உலகத்தை உண்டாக்குற புத்தி பிள்ளைகளுக்கு உண்டுங்கிறது சத்தியம். ஆனா "அந்தக் காலத்துல செலவே இல்லை"ன்னு சொல்றப்போ கொஞ்சம் நிதானிக்கணும். கி.ராஜநாராயணன் 'கதவு'ன்னு ஒரு சிறுகதை எழுதியிருக்கார். பிள்ளைக வீட்டுக் கதவுல ஏறி நின்னு பஸ் விளையாடும். தீர்வை பாக்கிக்காக அந்தக் கதவையே கழட்டிக் கொண்டுபோயிருவாங்க. எங்க ஊர்ப் பிள்ளைகளோட விளையாட்டுச் சாமானுக்கும் வீட்டுக் கடனுக்கும் நடுவுல அவ்வளவுதான் இடைவெளி. விளையாடினது ஒரு பிள்ளை, ஒட்டினது இன்னொரு பிள்ளை. ரெண்டும் ஒரே வீட்டுல, ஒரே திண்ணையில.

அன்னிக்கு ராத்திரி கரண்டு வந்து, சாப்பாடும் முடிஞ்சு, எல்லாரும் திண்ணையில உக்காந்திருந்தோம். நான் மருமகன்கிட்ட முழுக் கதையையும் சொன்னேன். அவனுக்கு அம்மா மூணாப்போட நின்னது தெரியும், ஏன் நின்னாங்கன்னு தெரியாது. "ஏம்மா என்கிட்ட சொல்லவே இல்லை?"ன்னு கேட்டான். "நீ கேக்கலையே"ன்னா அக்கா.

நான் கேட்டேன்: "நான் எடுத்தது தெரியுமாக்கா உனக்கு?"

"அன்னிக்கே தெரியும்லே. படப்புல சரசரன்னு சத்தம் போட்டுக்கிட்டு அலைஞ்சா தெரியாதா?"

"ஆனா ஏஜெண்டு பதிமூணுன்னாரு. நான் எடுத்தது பன்னிரண்டுதான். அவருதான் ஒண்ணை ஏமாத்திட்டாருன்னு இத்தனை வருஷமா நினைச்சுக்கிட்டு இருக்கேன்."

அக்கா கொஞ்ச நேரம் பேசலை. வெத்தலையை மடிச்சு வாயில வச்சுக்கிட்டா. அப்புறம் சொன்னா: "அந்த ஒண்ணு நான் எடுத்தது. சிலேட்டுக் குச்சி ஒண்ணு மிச்சம் இருந்துச்சு. அதை வைக்கிறதுக்கு."

அஞ்சு வருஷம் வச்சிருந்தாளாம் அந்தப் பெட்டியை. எப்ப தொலைஞ்சதுன்னு கேட்டேன். கல்யாணமாகிப் போறப்போ டிரங்குப் பெட்டியில வைக்க மறந்துட்டாளாம்.

மறுநாள் காலையில கிளம்பும்போது பேத்தி அந்த நாலு பெட்டி ரயிலைப் பையில வச்சுக்கணும்னு அடம் பிடிச்சா. அக்கா அதை வாங்கி, ஒவ்வொரு பெட்டியா எடுத்து, மூலையைக் கட்டைவிரலால அழுத்திப் பார்த்தா. "அட்டை. மிஷின் மடிச்சது"ன்னா. நாலையும் எண்ணி, பிள்ளை கையில கொடுத்தா.